காசு கட்டுமுன் பக்கத்தைப் பிடித்து வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஒல்லாந்தர் திருகோணமலையில் அடித்த செப்பு ஸ்டைவர் காசில் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் சின்னமான வீஓசி (VOC) எழுத்துப் பின்னலுக்கு மேலே 'டீ' (T) இருக்கும். கொழும்பில் அடித்ததில் 'சீ' (C). தேய்ந்த காசு என்றால் இந்த ஓரெழுத்தில்தான் விலையே நிற்கிறது. ஈபேயில் இவற்றை வாங்குவோர், விற்றவர் என்ன சொல்லி விற்றார் என்பதற்கான சான்றைக் கையில் வைத்திருக்க வேண்டும்.

விற்பனை முடிந்து சுமார் 90 நாளில் ஈபேயின் விற்பனைப் பக்கம் மறைந்துவிடும். பேபால் வழியாகப் பணம் கட்டியிருந்தால், அங்கே முறையிடவோ 180 நாள் அவகாசம் உண்டு. வழக்கு இருக்கும், சான்று இருக்காது.

ஆகவே பணம் கட்டுமுன்பே அந்தப் பக்கத்தை ஸ்கிரீன்ஷொட்டாகப் பிடியுங்கள். முதலில் பக்கத்தை அடிவரை உருட்டுங்கள். உருட்டாவிட்டால் கீழேயுள்ள படங்கள் ஏறாமல் வெற்றுக் கட்டமாகவே பதிவாகும். பிறகு பயர்பொக்ஸில் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ் மூன்றையும் ஒன்றாக அழுத்தி, முழுப் பக்கத்தையும் சேமியுங்கள். விற்பவரின் விவரிப்பு தனிச் சட்டகத்துக்குள் கிடப்பதால் சிலவேளை பாதியில் வெட்டுப்படும். அதைத் தனியே திறந்து இன்னொரு பதிவு எடுப்பது நல்லது.

முழுப் பக்கப் பதிவில் இணைய முகவரி வராது, நேரமும் வராது. விண்டோஸ் விசையுடன் பிரிண்ட் ஸ்கிரீனை அழுத்தினால் இரண்டும் தெரியும் திரை அப்படியே சேமிக்கப்படும். இதைத் தவறவிட்டால் மற்றப் பதிவுகளின் வலு பாதியாகிவிடும்.

காசின் படத்தைத் தனியே எடுக்க வேண்டும். ஈபே பட முகவரியின் கடைசியில் 500 என்றிருந்தால் 1600 என மாற்றுங்கள், பெரிய படம் வரும். அரித்துப்போன செம்பில் தெரிவது 'சீ'யின் வளைவா, 'டீ'யின் குறுக்குக் கோடா என்று அதில்தான் பார்க்கலாம். ஸ்கிரீன்ஷொட்டை பிஎன்ஜி ஆகவே வைத்திருங்கள். ஜேபெக் ஆக்கினால் எழுத்தின் ஓரம் கலங்கும். வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினாலும் அதே கதிதான், ஆவணமாக அனுப்புங்கள்.

கோப்புக்குத் திகதியையும் பொருளின் இலக்கத்தையும் பெயராக இடுங்கள். பணம் கட்டிய பற்றுச்சீட்டும் அதே கோப்புறையில் இருக்கட்டும். பொதி வந்ததும், வெட்டுமுன் அஞ்சல் ஒட்டுச்சீட்டோடு ஒரு படம். பொருள் சொன்னபடி இல்லையென்றால் ஈபேயில் முறையிட, அது கிடைத்த நாளிலிருந்து 30 நாள்தான்.

நாணயச் சேகரிப்பாளர்கள் சிலர்,
உவர்மலை, திருகோணமலை.