ஒரு குத்தூசி செய்த கதை

திருச்சி

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் தாமதமானதற்குக் காரணம் ஒரு குத்தூசி, தாளில் துளை போடுகிற பிடிவைத்த ஊசி. கடையில் கிடைக்கிற சாமானுக்கு மூன்று வாரமா என்பாய். வீட்டிலும் அதைத்தான் கேட்டார்கள்.

1980களில் நீ போட்ட இன்லேண்ட் லெட்டர்களை ஒரே கட்டாகத் தைத்து வைக்க ஆசை. கோணி ஊசியால் குத்திப் பார்த்தேன். விரல் வலித்ததுதான் மிச்சம். சரி, நாமே செய்வோம் என்று மாடிப்படிக்குக் கீழே என் பட்டறையில் (ஒரு ஸ்டூல், ஒரு வைஸ், அவ்வளவுதான்) உட்கார்ந்துவிட்டேன்.

ஊசிக்குத் தேய்ந்துபோன முப்பட்டை அரம். இஸ்திரிக்காரரிடம் கொட்டாங்கச்சிக் கரி வாங்கி, அரத்தைச் சிவக்கக் காய்ச்சிச் சாம்பலில் புதைத்தேன். ராத்திரி முழுக்க ஆறினதும் இன்னொரு அரத்தால் ராவுகிற அளவுக்கு இளகிவிட்டது. முனையை உருட்டாக ராவினேன்; மூலை இருந்தால் தாள் அங்கிருந்துதான் கிழியும். திரும்பவும் காந்தம் ஒட்டாத சூடு வரும்வரை காய்ச்சி எண்ணெயில் தோய்த்தேன். வேலை முடிந்தது என்று நினைத்ததுதான் தப்பு. முதல் குத்திலேயே சாக்பீஸ் மாதிரி ஒடிந்தது! தோய்த்த எஃகை மறுபடி மெல்லச் சூடுகாட்ட வேண்டும். வைக்கோல் நிறம் வந்ததும் நிறுத்திவிடணும், சுமார் 230 டிகிரி. நீலம் ஏறினால் பதம் தாண்டிப் போச்சு. அதிரசத்துக்குப் பாகு காய்ச்சும்போது அம்மா அடுப்பை விட்டு நகரமாட்டாளே, அப்படி நின்றேன்.

பிடி பூவரசு. இலையைச் சுருட்டி பீப்பீ ஊதினோமே, அதே மரம். வைரம் பாய்ந்த உள்கட்டை காப்பிக்கொட்டை நிறம். கடைசல் இயந்திரம் இல்லை. கத்தியால் சீவி, உடைந்த கண்ணாடியால் சுரண்டி, உப்புத்தாள் போட்டேன். வாய் பிளக்காமலிருக்கப் பித்தளைப் பூண். ஊசியைப் பிடியில் ஒட்ட எபாக்ஸிப் பசை இருந்தும் அரக்கைத்தான் உருக்கி ஊற்றினேன். ஊசி ஒடிந்தால் சூடுகாட்டிக் கழற்றிக்கொள்ளலாம் பார்.

41 கடிதம் தைத்தாயிற்று. ஓரத்தில் ஒரு விரற்கடை விட்டு எழுதியிருக்கிறாயா நீ? துளையெல்லாம் உன் எழுத்தின் மேல்தான். 1986இல் ஒன்றுகூட இல்லை. நீ எழுதவில்லையா, நான் தொலைத்தேனா?

கட்டையில் இன்னொரு பிடிக்கு மிச்சமிருக்கிறது. உள்ளங்கையைத் தாளில் வைத்துப் பென்சிலால் வரைந்து அனுப்பு. விரல் முட்டி வீங்கியிருக்கிறது என்று எழுதியிருந்தாய், கொஞ்சம் தடிமனாகவே செய்கிறேன்.

அன்புடன்,
ராஜு