ஒலிப்பதிவை எம்பி3 ஆக அனுப்புங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

எங்கள் ஓய்வூதியர் சங்கக் கூட்டத்தின் ஒலிப்பதிவை மாதாமாதம் மின்னஞ்சலில் இணைத்து அனுப்புகிறார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் வருவதோ டபிள்யூஎம்ஏ (WMA) என்ற மைக்ரோசாஃப்ட் வகை ஒலிக் கோப்பு. விண்டோஸ் கணினிக்கு அது சரி. என் ஆண்ட்ராய்டு போனில் தட்டினால் திறக்க மறுக்கிறது. பதிவிறக்கி, இலவச விஎல்சி செயலியில் திறந்தால் கேட்கலாம். இதை எழுபது வயதுக்காரர்களுக்கெல்லாம் போனில் விளக்கி மாளவில்லை. எம்பி3 ஆக மாற்றி அனுப்பினால் இந்தப் பாடே இல்லை. வெறும் பேச்சுதானே, ஒலித்தரம் 32 கேபிபிஎஸ் (நொடிக்கு 32 கிலோபிட்) போதும். ஒரு மணி நேரப் பதிவு 15 எம்பிக்குள் (மெகாபைட்) அடங்கிவிடும். ஜிமெயில் 25 எம்பி வரை விடும்.

அப்புறம், இணைப்பின் பெயர் ஏபிகே என்று முடிந்தால் அது ஒலிப்பதிவே அல்ல, செயலி. தொடாதீர்கள்.

- ஓய்வுபெற்ற தபால் ஊழியர், கும்பகோணம்