இரும்பு உலையிலிருந்து தொடங்கு: பர்மிங்ஹாமில் இருக்கும் தேன்மொழிக்கு

அன்புள்ள தேன்மொழி,

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்திலுள்ள பர்மிங்ஹாமுக்கு மேற்படிப்புக்காகச் சென்றிருக்கும் நீ, விடுமுறை நாட்களில் அங்கே எந்த அருங்காட்சியகங்களைப் பார்க்கலாம் என்று கேட்டிருந்தாய். பலரும் உன்னை முதலில் கறுப்பினத்தவரின் குடிமை உரிமைப் போராட்டத்தின் அருங்காட்சியகத்துக்கே அனுப்புவார்கள். நான் அதற்கு முன்பு ஸ்லாஸ் உலைக்களத்தைப் பார்க்கச் சொல்வேன். அந்த ஊர் ஏன் உருவானது, யாருடைய உழைப்பில் வளர்ந்தது என்பது தெரிந்தால்தான் பிற்பாடு அங்கே நடந்தவை ஏன் அவ்வளவு கொடூரமாக நடந்தன என்பது விளங்கும்.

இரும்புத்தாது, நிலக்கரி, சுண்ணாம்புக்கல் மூன்றும் அருகருகே கிடைத்ததால் 1871இல் நிறுவப்பட்ட தொழில் நகரம் அது. 1882இல் எரியத் தொடங்கி 1971இல் அணைந்த ஸ்லாஸ் ஊதுலைகள், துருவேறிய குழாய்களும் கொதிகலன்களுமாக அப்படியே நிற்கின்றன. 1983 முதல் அருங்காட்சியகமாகப் பொதுமக்களுக்குத் திறந்திருக்கின்றன. அங்கே வெள்ளையருக்கும் கறுப்பினத்தவருக்கும் குளியலறைகூடத் தனித்தனியாக இருந்தது. அந்த நிறுவனத்தின் நிலக்கரிச் சுரங்கங்களில், அற்பக் குற்றங்களுக்காகக் கைது செய்யப்பட்ட கறுப்பினத்தவர் உட்படப் பல கைதிகளை மாநில அரசும் மாவட்ட நிர்வாகங்களும் குத்தகைக்கு விட்டு வேலை வாங்கின. 1928 வரை அலபாமாவில் இந்த முறை நீடித்தது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு அந்த உலைகளுக்கு நடுவே நட.

அதன்பின் கெல்லி இங்க்ரம் பூங்காவுக்குப் போ. 1963 மே மாதத்தில், இனப் பாகுபாட்டை எதிர்த்து ஊர்வலம் வந்த பள்ளிப் பிள்ளைகள்மீது காவல்துறை நாய்களை ஏவியதும் தீயணைப்புக் குழாய்களால் நீரைப் பீய்ச்சியடித்ததும் இந்தப் பூங்காவிலும் இதைச் சுற்றிய தெருக்களிலும்தான். பாதையின் இரு புறமிருந்தும் பாயும் உலோக நாய்களுக்கு இடையே நீ நடந்து செல்லும்படி ஒரு சிற்பத்தை அமைத்திருக்கிறார்கள். சுற்றிப் போகாமல் அதன் வழியாகவே செல். எதிரே உள்ள பதினாறாம் தெரு பாப்டிஸ்ட் தேவாலயத்தில் 1963 செப்டம்பர் 15 அன்று வெள்ளை வெறியர்கள் வைத்த குண்டு நான்கு சிறுமிகளைக் கொன்றது. மூவருக்கு 14 வயது, ஒருத்திக்கு 11. அதைக் கேட்டு மனம் கலங்கிய வேல்ஸ் நாட்டு மக்கள் பணம் திரட்டிக் கொடுத்த, கறுப்பின இயேசுவைக் காட்டும் வண்ணக் கண்ணாடிச் சாளரம் உள்ளே இருக்கிறது. நான் முதலில் சொன்ன அருங்காட்சியகமான, 1992இல் திறக்கப்பட்ட குடிமை உரிமைகள் நிறுவனமும் அங்கேயே உள்ளது. 1963 ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங் பர்மிங்ஹாம் சிறையிலிருந்து எழுதிய புகழ்பெற்ற கடிதத்தை ஊர் திரும்புமுன் ஒருமுறை முழுமையாகப் படித்துவிடு. பொறுமையாக இருங்கள் என்று அறிவுரை சொன்ன எட்டு வெள்ளை மதகுருமாருக்கு அவர் கொடுத்த பதில் அது. என்னைப் பொறுத்தவரை, அந்த ஊரில் எழுதப்பட்டவற்றுள் அதற்கு இணையானது வேறில்லை.

மனம் கனத்துப் போனால் பர்மிங்ஹாம் கலை அருங்காட்சியகத்துக்குப் போகலாம்; அங்குள்ள, இங்கிலாந்தின் வெட்ஜ்வுட் நிறுவனப் பீங்கான் சேகரிப்பு மிகப் பெரியது. செந்நிறக் குன்றின் மேல் நிற்கும், ரோமானியரின் நெருப்புக் கடவுளான வல்கனின் சிலை, 1904ஆம் ஆண்டு உலகக் கண்காட்சிக்காக வார்க்கப்பட்ட 56 அடி உயர இரும்புச் சிலை. மோட்டார் சைக்கிள்களில் ஆர்வமிருந்தால் நகரத்தின் கிழக்கு ஓரத்தில் பார்பர் அருங்காட்சியகமும் உண்டு.

ஆனால் ஒரு முழுநாளை மாண்ட்கோமரிக்கு ஒதுக்கு. தெற்கே சுமார் 150 கிலோமீட்டர்தான். வழக்கறிஞர் பிரையன் ஸ்டீவன்சனின் அமைப்பு 2018இல் அங்கே திறந்த நினைவிடத்தில், வெள்ளையர் கும்பல்கள் கறுப்பினத்தவரைக் கொன்ற மாவட்டம் ஒவ்வொன்றுக்கும் ஒன்றென 800க்கும் மேற்பட்ட எஃகுத் தூண்கள் உள்ளன. கொல்லப்பட்டவர்களின் பெயர்கள் அவற்றில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. முதலில் கண் மட்டத்தில் நிற்கும் தூண்கள், தரை இறங்க இறங்கத் தலைக்கு மேலே தொங்குவனவாகிவிடும். அடிமைமுறையின் வரலாற்றைச் சொல்லும் அதே அமைப்பின் மரபு அருங்காட்சியகத்தையும், பேருந்தில் வெள்ளையருக்கு இருக்கையை விட்டுத்தர மறுத்ததற்காக 1955 டிசம்பரில் ரோசா பார்க்ஸ் கைதான இடத்தில் அமைந்துள்ள அருங்காட்சியகத்தையும் அன்றே பார்க்க வேண்டுமென்றால் காலையில் சீக்கிரம் புறப்பட்டுவிடு.

அன்புடன்,
மாமா