மெட்ராஸ் தெருவிலிருந்து

கிறைஸ்ட்சர்ச், நியூசிலாந்து
ஈஸ்டர் ஞாயிறு, இரவு

கிறிஸ்துவுக்குள் அன்பான அம்மாவுக்கு,

ஸ்தோத்திரம். நான் சுகம். போனில் பேசினால் நான் அழுவேன், நீங்களும் அழுவீர்கள், சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடும். அதனால்தான் எழுதுகிறேன்.

இங்கே ஈஸ்டர் இலையுதிர் காலத்தில் வருகிறது. நம் மெஞ்ஞானபுரத்தில் விடிகாலை ஆராதனையிலேயே வியர்த்துக் கொட்டும். இங்கே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, மஞ்சள் இலைகளை மிதித்துக்கொண்டு கோயிலுக்குப் போனேன். நைட் டியூட்டி முடிந்த கையோடு போனதால் கண்ணெல்லாம் எரிச்சல்.

கோயில் இருப்பது மெட்ராஸ் தெரு முனையில். வந்த புதிதில் அந்தப் பெயர்ப்பலகையைப் பார்த்துவிட்டு நம்மவர்கள் யாரோ இங்கே குடியிருந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். அப்படி இல்லையாம். 1850-ல் இந்த ஊருக்குத் தெரு பிரித்தபோது ஆங்கிலிக்கன் பிஷப்மாரின் பேராயங்களுடைய பெயர்களை வைத்திருக்கிறார்கள். கொழும்புத் தெருவும் உண்டு. நம் திருநெல்வேலிச் சபைகளும் அன்றைக்கு மெட்ராஸ் பேராயத்தில்தானே இருந்தன? 1896-ல்தான் நமக்குத் தனிப் பேராயம் வந்தது. இந்தத் தூரத்தில் எனக்கு ஒட்டுறவாக இருந்தது அந்தப் பலகை ஒன்றுதான்.

இந்தத் தெருவில் நடந்ததை உங்களிடம் சொன்னதில்லை, பயப்படுவீர்கள் என்றுதான். 2011 பிப்ரவரி 22, மதியம் 12.51-க்குப் பூமி அதிர்ந்தது. செத்தவர்கள் 185 பேர். அவர்களில் 115 பேர் இதே மெட்ராஸ் தெருவில், ஒரே கட்டடத்தில். அதற்குள் வெளிநாட்டவருக்கான ஆங்கிலப் பள்ளி ஒன்று இருந்தது. நர்ஸ் வேலைக்குப் பதிவு செய்ய ஆங்கிலம் படிக்க வந்த பிலிப்பைன்ஸ் நாட்டவர்கள், ஜப்பான் மாணவர்கள் 28 பேர்... நானும் அப்படி ஒரு பரீட்சைக்கு ராத்திரி பகலாகப் படித்தவள்தானே அம்மா. அந்த இடத்தைக் கடக்கும்போதெல்லாம் வீட்டில் காத்திருந்த அவர்களுடைய அம்மாமார்தான் ஞாபகத்துக்கு வருகிறார்கள்.

ஊர் நடுவில் இருந்த பெரிய கோயிலின் கோபுரமும் அன்றைக்கு விழுந்தது. பனங்காட்டுக்கு மேலே தூரத்திலிருந்தே தெரியுமே நம் கோயில் கோபுரம், அது இல்லாத ஊரை நினைத்துப் பாருங்கள். அதைச் சீர்ப்படுத்தும் வேலை பணம் போதாமல் 2024-ல் நின்றது. விழுந்த அந்தப் பெரிய கோயிலுக்குப் பதிலாக 2013-லேயே கட்டியதுதான் நான் போகும் கோயில். கூரை நெடுக அட்டைக்குழாய்கள் அம்மா! பக்கச் சுவர்களாகக் கப்பலில் சரக்கு ஏற்றும் கன்டெய்னர்கள். ஷிகெரு பான் என்ற ஜப்பான்காரர் கூலி வாங்காமல் வரைந்து கொடுத்தாராம். அதைக் கட்டியதும் பூகம்பத்தில் போன இன்னொரு கோயிலின் மனையில்தான். அத்தனை பேர் செத்த தெருவை விட்டு விலகிப் போகாமல் அங்கேயே வந்து பாடுகிறார்களே என்று எனக்கு ஒவ்வொரு வாரமும் நெஞ்சு நிறையும். கர்த்தர் அப்படித்தான், அம்மா. உடைந்த இடத்துக்கே வருகிறவர்.

இன்றைக்கு ஆராதனை முடிந்தும் எழுந்திருக்க மனமில்லாமல் யோவான் சுவிசேஷத்தைத் திறந்தேன். உயிர்த்தெழுந்த ஆண்டவர் கடற்கரையில் கரிநெருப்புப் போட்டு, மீன் வைத்து, "வாருங்கள், போஜனம்பண்ணுங்கள்" என்று கூப்பிடுகிறாரே, அந்த இடம். பிரதான ஆசாரியனின் முற்றத்தில் பேதுரு குளிர்காய்ந்துகொண்டு, ஆண்டவருடைய சீஷனல்ல என்று மறுதலித்ததும் ஒரு கரிநெருப்பின் பக்கத்தில்தான். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் பேதுருவுக்கு எல்லாம் ஞாபகம் வந்திருக்கும். ஆண்டவர் முதலில் கணக்குக் கேட்கவில்லை. சாப்பாடு போட்டார். அதற்குப் பிறகுதான், "என்னை நேசிக்கிறாயா" என்று கேட்டார்.

இத்தனை நாள் அந்தப் பேதுரு நம் தம்பி என்றே படித்து வந்தேன். உங்கள் நகையை அடகு வைத்துக் குடித்தவன், அப்பாவின் முதல் நினைவுநாளில் கல்லறைத் தோட்டத்தில் தள்ளாடி விழுந்தவன். இன்றைக்குத்தான் உறைத்தது. போன மாதம் வேலையிடத்தில் ஒரு பாட்டி, கூடப்பிறந்தவர்கள் உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். யோசிக்கக்கூட இல்லை அம்மா, அப்படியே வாயில் வந்துவிட்டது. அவனை நான் மறுதலித்தேன்.

இரண்டு வருஷமாக அவனோடு பேசாமல் இருந்தது உங்களுக்காக என்று சொல்லிக்கொண்டேன். அது உங்களுக்குத்தான் அதிக வலி என்று இப்போது தெரிகிறது. என்னை மன்னித்துவிடுங்கள்.

ஒன்று கேளுங்கள். குடியைத் திடீரென்று அவனாக நிறுத்த விடாதீர்கள். வருஷக்கணக்கில் குடித்த உடம்பு. கை நடுக்கத்தில் ஆரம்பித்து வலிப்பு வரைக்கும் போகும். டாக்டர் பார்வையில்தான் நிறுத்த வேண்டும். ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவுக்குச் சித்தப்பாவோடு அனுப்புங்கள், செலவுக்கு நான் அனுப்புகிறேன். திரும்பவும் குடிக்கக்கூடும், இந்த நோய் அப்படி. அப்போதும் சோறு போடுங்கள், அப்போதும் கூட்டிக்கொண்டு போகலாம்.

செவ்வாய்க்கிழமை எனக்கு லீவு. சாயங்காலம் நீங்கள் ஜெபம் முடிக்கிற நேரத்துக்குக் கூப்பிடுவேன். போனை அவன் கையில் கொடுங்கள். அக்கா நகையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கமாட்டாள், சாப்பிட்டாயா என்றுதான் கேட்பாள் என்று சொல்லுங்கள்.

உங்கள் அன்பு மகள்