‘கராஜில் நிற்கும்’ என்று அச்சடிக்கும் முன்: டிரெய்லர் தயாரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

காருக்குப் பின்னால் இழுத்துச் சென்று தங்கிக்கொள்ளும் பயண டிரெய்லர்களை வடிவமைப்போருக்கும் விற்போருக்கும் வணக்கம்.

சின்ன டிரெய்லர்களுக்கான உங்கள் கையேடுகளில் ‘வீட்டு கராஜிலேயே நிறுத்தலாம்’ என்ற வரி தவறாமல் இருக்கிறது. பக்கத்தில் உயரம், அகலம், நீளம் என மூன்று எண்கள். அவை பொய் என்று நாங்கள் சொல்லவில்லை. கராஜுக்குள் ஏற்ற அந்த மூன்றும் போதாது என்கிறோம். வாங்கியவர் அதை உணரும்போது வண்டி பாதி உள்ளேயும் பாதி தெருவிலுமாக நிற்கும்.

உயரத்திலிருந்து தொடங்குவோம். 7 அடிக் கதவு என்றால் 2.13 மீட்டர். மேலே மடிந்து ஏறும் பலகைக் கதவு முழுக்கத் திறந்த பிறகும் அதன் கீழ் விளிம்பு சில செ.மீ. தொங்கிக்கொண்டிருக்கும். தண்ணீர் புகாமலிருக்கத் தரையில் ஒட்டும் ரப்பர் பட்டை இன்னும் 1 அல்லது 2 செ.மீ. தின்னும். ஆக, 2.13 என்று சொல்லப்படும் வாசலில் 2.05 மீட்டர்தான் கிடைக்கிறது என்பது சாதாரணம். கையேட்டில் 2.08 என்று போட்ட டிரெய்லர் அங்கே நுழையாது. அந்த 2.08தான் எதுவரை அளந்தது? கூரைத் தகடு வரையா, மேலே உட்கார்ந்திருக்கும் ஏசியின் மூடி வரையா? கூரை ஏசி மட்டுமே 25 முதல் 35 செ.மீ. வரும். காற்றுப்போக்கி மூடி, சோலார் தகடு, ஆன்டெனா எல்லாம் அதன் பிறகு. சாமானும் தண்ணீரும் நிரம்பிய நிலையில் அளந்தீர்களா, காலியாகவா என்பதும் முக்கியம். கராஜில் நிற்கும் வண்டி காலி வண்டி. பாரம் இறங்கியதும் ஸ்பிரிங் நிமிர்ந்து கூரை மேலே போகும். எனவே காலி வண்டி, டயரில் முழுக் காற்று, ஆக உயரமான பொருளின் உச்சி என்று சொல்லி ஓர் எண் கொடுங்கள்.

அந்த எண் சரியாக இருந்தாலும் சரிவு கெடுத்துவிடும். இதைத்தான் யாரும் எழுதுவதில்லை.

மழைநீர் உள்ளே வராமலிருக்க, கராஜுக்கு வெளியே தரையைக் கீழ்நோக்கிச் சரித்துத்தான் பெரும்பாலும் கட்டுகிறார்கள். டிரெய்லரைப் பின்னோக்கி ஏற்றும்போது சக்கரம் இன்னும் சரிவிலேயே இருக்க, வால் மட்டும் முதலில் உள்ளே போகும். சக்கரம் வாசல் விளிம்பைத் தொடும் கணத்தில் அந்த வால் ஆக உயரத்தில் இருக்கும். சரிவு 8 சதவீதம், சக்கர அச்சிலிருந்து வால்முனை 1.8 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 1.8 × 0.08. வால் வழக்கத்தைவிட 14 செ.மீ. மேலே நிற்கிறது. திறந்த கதவின் பலகைகள் படுத்திருப்பதும், கதவு மோட்டாரின் தண்டவாளம் ஓடுவதும் சரியாக அந்த இடத்தில்தான். வாசலில் கூரை தாராளமாக நுழைந்ததைப் பார்த்து நிம்மதியாகப் பின்னே தள்ளுகிறவர், உள்ளே பலகை நெளியும் சத்தம் கேட்டுத்தான் நிறுத்துவார்.

தரை கராஜை நோக்கி இறங்கினால் அடி வாசலிலேயே விழும். ஹிட்சிலிருந்து (காரோடு மாட்டும் முன்முனை இணைப்பு) அச்சு வரை 4 மீட்டர், சரிவு 10 சதவீதம், சக்கரம் 2 மீட்டர் உள்ளே போயிருக்கிறது என்று கொள்ளுங்கள். ஹிட்ச் வழக்கத்தைவிட 20 செ.மீ. உயரத்தில் இருக்கும். நடுவில் உள்ள வாசலுக்கு நேராக டிரெய்லர் 10 செ.மீ. தூக்கிக்கொண்டு நிற்கும். கூரையும் அதே 10 செ.மீ. ஏறி வாசல் நிலையில் முட்டும். முதல் வகைச் சரிவில் இதே கணக்கு தலைகீழாகி அடிவயிறு தாழும்; கழிவுநீர்க் குழாயும் படிக்கட்டும் விளிம்பில் உரசும்.

இந்தக் கணக்கைப் போட ஹிட்ச் முதல் அச்சு வரையும், அச்சு முதல் வால் வரையும் உள்ள தூரம் வேண்டும். இரண்டும் உங்கள் வரைபடத்தில் இருக்கின்றன, கையேட்டில் இல்லை. இருந்தால், வாங்குகிறவர் கட்டக் காகிதத்தில் 20-இல் 1 பங்காக வாசலையும் சரிவையும் வரைந்து, அட்டையில் வெட்டிய டிரெய்லரை அதன்மேல் நகர்த்திப் பார்த்து அரை மணி நேரத்தில் முடிவெடுத்துவிடலாம்.

கொஞ்சம் இடிக்கிறது என்றால் முன் ஜாக்கியால் சமாளிக்க வழி உண்டு. டிரெய்லர் அச்சைச் சுற்றி சீசா பலகைபோல ஆடும். ஹிட்சிலிருந்து அச்சு வரை அதே 4 மீட்டர் என்றால், ஹிட்சை 20 செ.மீ. உயர்த்தும்போது, அச்சுக்கு 1 மீட்டர் பின்னாலுள்ள ஏசி 5 செ.மீ. இறங்கும். ஏசி அச்சுக்கு நேர் மேலே இருந்தால் இந்த வித்தை பலிக்காது. டயரில் காற்றைக் குறைத்தால் இரண்டு மூன்று செ.மீ. கிடைக்கும், காலி வண்டியை மெல்ல உருட்டுவதற்கு மட்டும், நின்றதும் திரும்ப நிரப்ப வேண்டும். கராஜுக்கென்று சிறிய சக்கரம் மாட்டுவோரும் உண்டு. 205/75 ஆர் 15 டயரின் விட்டம் சுமார் 69 செ.மீ., 175/80 ஆர் 13 டயரின் விட்டம் 61. மாற்றினால் வண்டி 4 செ.மீ. தாழும். அதைவிடச் சிறியதற்கு ஆசைப்பட்டால் பிரேக் டிரம் மறிக்கும். 10 அங்குல டிரம்மின் மேல் 8 அங்குல ரிம் ஏறாது. ஒவ்வொரு மாடலுக்கும் ஏறக்கூடிய ஆகச் சிறிய ரிம் எது என்று ஒரு வரி எழுதினால் எத்தனையோ பேருக்கு உதவும்.

நீளத்தில், முன்னால் ஹிட்ச் வரை நீளும் இழுவைச் சட்டத்தைச் சேர்த்தீர்களா இல்லையா என்பதைத் தனியாகச் சொல்லுங்கள். அது 1 மீட்டருக்கும் மேல் வரலாம். மடக்கும் சட்டம் இருந்தால் மடக்கிய நீளமும் வேண்டும். ‘நீளம் பற்றாவிட்டால் குறுக்காக நிறுத்துங்கள்’ என்று விற்பனையாளர்கள் சொல்லும் யோசனையைத் தயவுசெய்து நிறுத்துங்கள். மொத்தம் 6 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலமுள்ள டிரெய்லரைத் திருப்பினால், கிட்டத்தட்ட 19 பாகை வரை அது அடைக்கும் ஆழம் நேராக நிற்பதைவிடக் கூடுதலாகவே இருக்கும். பின்மூலை பின்னே நீளுவதுதான் காரணம். அதற்குமேல் திருப்ப ஒற்றைக் கார் கராஜில் அகலம் ஏது?

அகலத்தில் மடக்கிய நிழல்விரிப்பையும் கைப்பிடியையும் சேருங்கள். கதவு திறக்கும் பக்கம் ஆள் இறங்க 60 செ.மீ.யாவது வேண்டும் என்பதையும் எழுதுங்கள்.

தள்ளும் பாரத்தையும் மறைக்காதீர்கள். 700 கிலோ வண்டியைச் சமதரையில் இருவர் உருட்டலாம். 8 சதவீதச் சரிவில் 56 கிலோவைத் தூக்கும் விசை அதோடு சேரும், கை தளர்ந்தால் வண்டி தெருவுக்கு ஓடும். மின்மோட்டார் இழுவை வண்டியோ, தரையில் போல்ட் அடித்த வின்ச்சோ (கயிறு சுற்றி இழுக்கும் கருவி) இல்லாமல் இந்த வேலையில் இறங்கக் கூடாது. சக்கரத்தின் கீழ்ச்சரிவுப் பக்கம் செருகக் கட்டையோடு ஒருவர் கூடவே நடக்க வேண்டும். அவர் பக்கவாட்டில் நடக்கட்டும், வண்டிக்கு நேர் கீழே வேண்டாம்.

நிறுத்திய பிறகு எரிவாயு சிலிண்டர் உள்ளே இருக்கக் கூடாது. புரோப்பேன் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு பரவி, அதே கராஜில் எரியும் வாட்டர் ஹீட்டரின் சுடரைத் தேடிப் போகும். சிலிண்டரைக் கழற்றி வெளியே, நிமிர்த்தி வைக்கச் சொல்லுங்கள். ஈய அமில பேட்டரியைச் சார்ஜ் செய்தால் ஹைட்ரஜன் வரும் என்பதால் காற்றோட்டம் தேவை. இவை கராஜ் என்ற சொல் அச்சாகும் அதே பக்கத்தில் இருக்க வேண்டியவை.

வாசலை உயர்த்திக்கொள்ளலாம் என்று எளிதாகச் சொல்பவர்களும் உங்களிடம் இருக்கிறார்கள். மேற்கூரையின் பாரத்தைத் தாங்கும் லிண்டலை மாற்றுவது கட்டுமானப் பொறியாளர் பார்க்க வேண்டிய வேலை. கதவின் முறுக்கு ஸ்பிரிங்கை அந்தத் தொழில் தெரிந்தவர் தவிர யாரும் தொடக் கூடாது. செலவில்லாத தீர்வு உங்கள் கையில்தான் இருக்கிறது: பக்கவாட்டு வரைபடம் ஒன்று, அதில் காலி உயரம், ஏசி இருக்கும் இடம், ஹிட்ச் முதல் அச்சு, அச்சு முதல் வால், சட்டத்தின் நீளம். அடுத்த பதிப்புக் கையேட்டில் அரைப்பக்கம் ஒதுக்கினால் போதும்.

இப்படிக்கு,
கராஜில் டிரெய்லர் நிறுத்துவோருக்கு அளவு பார்த்துக் கொடுப்பவர்கள்