முறிகண்டிக்குக் கிட்ட

கொக்குவில்

அன்புள்ள குகன்,

நாங்கள் நலம். நீ அனுப்பிய பிள்ளைக்கான கார் சீற் வந்து நாலு மாதமாகியும் ஒரு வரி எழுதவில்லை என்று கோபத்தில் இருப்பாய். திட்டுவதைப் பிறகு திட்டு, முதலில் இதை வாசி.

போன மாதம் கொழும்பிலிருந்து திரும்பும்போது, மாங்குளம் தாண்டி முறிகண்டிக்குக் கிட்ட, மாடுகள் திடீரென்று ரோட்டில் ஏறிவிட்டன. பிரேக்கை அழுத்தி மிதித்தேன். மாடுகளில் முட்டவில்லை. ஆனால் நீ அனுப்பிய சீற், பிள்ளையோடு அப்படியே சரிந்து என் கதிரையின் முதுகில் வந்து இடித்தது. பிள்ளைக்கு ஒரு கீறலும் இல்லை. முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தோம், வழக்கம்போலக் கச்சானும் வாங்கினோம். கிளிநொச்சி வரைக்கும் எனக்குக் கை நடுங்கியது.

நல்லூர்த் திருவிழாவுக்கு வந்த வதனி, தேருக்கு மறுநாள் வீட்டுக்கு வந்தாள். கதையைக் கேட்டதும் தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டுக் காரடிக்குப் போனாள். உன் தங்கைதானே, சொல்லவா வேண்டும்! காரின் பெல்ற் ஓடுகிற இடத்தில் சீற்றைப் பிடித்து ஆட்டினாள். ஒரு சாண் வந்தது. "ஒரு அங்குலம்கூட அசையக்கூடாது அண்ணா" என்றாள். பிறகு துணியைத் தூக்கி, பக்கத்தில் இருந்த நீல அடையாளத்தையும் சிவப்பு அடையாளத்தையும் காட்டினாள். பிள்ளை பின்பக்கம் பார்த்திருந்தால் பெல்ற் நீலத்தால் போகவேண்டும், முன்பக்கம் பார்த்திருந்தால் சிவப்பால். நான் பிள்ளையை முன்பக்கம் பார்க்க வைத்து, பெல்ற்றை நீலத்தால் விட்டிருக்கிறேன். நாலு மாதம், குகன்! சீற் இருக்கிறது, இனிப் பயமில்லை என்று நினைத்துக்கொண்டு ஓடித் திரிந்திருக்கிறேன்.

அதைவிட, திருப்பினதே பிழை. முகம் தெரியாவிட்டால் அழுவான் என்று அம்மா சொல்லத் திருப்பினோம். இந்தச் சீற்றில் 13 கிலோ வரை பின்பக்கம் பார்த்து இருக்கலாம் என்று அதன் லேபிளிலேயே இருக்கிறது. இவன் இன்னும் 10 கூட இல்லை. இந்த வயதில் தலைதான் பாரம், கழுத்தெலும்பு இன்னும் முற்றவில்லை. முன்னால் மோதினால் தலை முன்னுக்கு இழுபடும், கழுத்துத் தாங்காது. பின்பக்கம் பார்த்திருந்தால் முதுகு முழுவதையும் சீற் ஏந்திக்கொள்ளும். அம்மாவுக்கு இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப அழட்டும்" என்றா.

அப்படியென்றால் முன்சீற்றில் வைத்தால் முகமும் தெரியுமே என்று மச்சான் கேட்டார். வதனி விடவில்லை. எயர் பாக் விரிந்தால் அது நேரே பிள்ளையின் சீற்றின் முதுகில்தான் அடிக்குமாம்.

அன்று வெயிலுக்குள் மூன்று தரம் கழற்றிப் பூட்டினோம். சீற்றுக்குள் முழங்காலை ஊன்றி முழுப் பாரத்தையும் கொடுத்து, மற்றக் கையால் பெல்ற்றின் தொய்வை எல்லாம் இழுத்தெடுக்கவேண்டும். எங்கும் முறுக்கு இருக்கக்கூடாது. மூன்றாம் தரம் ஆட்டியபோது காரே ஆடியது, சீற் அசையவில்லை. பிள்ளையின் தோளில் பட்டியைக் கிள்ளிப் பார்த்தாள், மடிப்பு வரவில்லை. உங்கள் பக்கம் இதைப் பார்த்துச் சொல்லப் பயிற்சி எடுத்த ஆட்கள் இருக்கிறார்களாமே. இங்கே எனக்கு வதனிதான். இனி ஒவ்வொரு தரமும் புறப்பட முதல் நானே ஆட்டிப் பார்ப்பேன்.

சரி, எழுதவந்த விஷயம் இதுதான். போகும்போது வதனி, "இது அண்ணாவின் பழைய காரில் இருந்த சீற்றா?" என்று கேட்டாள். ஒருமுறை மோதலுக்குள் அகப்பட்ட சீற்றை, வெளியில் வெடிப்புத் தெரியாவிட்டாலும், திரும்பப் பாவிக்கக்கூடாதாம். உன் காரைப் பின்னால் வந்தவன் இடித்தான் என்று முந்தி ஒருநாள் போனில் சொன்னாயே. அன்றைக்கு இந்தச் சீற் காருக்குள் இருந்ததா? நீ ஆசையாக அனுப்பியது, கேட்கச் சங்கடமாக இருக்கிறது. இருந்தது என்றால் ஒளிக்காமல் சொல், புதிது வாங்குகிறேன். உன் பதில் வரும்வரை காரை எடுக்கமாட்டேன்.

அன்புடன்,
ரவி