குதிரை வாயால் மூச்சு விடாது

அன்புள்ள சரவணனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கு எல்லாரும் நலம், அப்பாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை. நீ எழுதி அனுப்பிய கதையின் 40 பக்கத்தையும் பிரிண்ட் எடுத்து இரண்டு தடவை படித்தேன். சிவப்புப் பேனா கையில் இல்லாமல் எனக்குப் படிக்க வராது, வாத்தியார் வேலை பார்த்த கை. கோபித்துக்கொள்ளாதே.

செஞ்சிக் கோட்டை நன்றாக வந்திருக்கிறது. குதிரைதான் வரவில்லை. 3ஆம் பக்கத்தில், ஓடிவந்த குதிரை வாயைப் பிளந்து மூச்சு வாங்கியது என்கிறாய். அது நாய்டா. குதிரைக்கு வாய் வழியாக மூச்சுவிட வராது, மூக்கு ஒன்றுதான் வழி. அடிவாரத்தில் ஏழெட்டுப் பேரை வண்டியில் ஏற்றிக்கொண்டு மேடு ஏறி வந்து நிற்கும்போது தாத்தாவின் வண்டிக்குதிரை செவலைக்கு மூக்குத் துவாரம் விரிந்து உள்சிவப்பு தெரியும். விலா துருத்தி மாதிரி ஏறி இறங்கும். பிடரிக்குக் கீழே வியர்வை நுரைத்து, வார் உரசிய இடத்தில் வெள்ளையாகக் கோடு போட்டிருக்கும். இதில் ஏதாவது ஒன்றை எழுது, போதும்.

7ஆம் பக்கத்தில் உன் வீரன் சத்தமில்லாமல் பின்னால் வந்து அதன் தொடையைத் தட்டுகிறான். அடுத்த வரியில் அவன் பல் இருந்திருக்காது. குதிரைக்குக் கண் பக்கவாட்டில் இருப்பதால் ஏறக்குறைய சுற்றிலும் தெரியும். வாலுக்கு நேர் பின்னாலும் நெற்றிக்கு நேர் முன்னாலும் மட்டும் தெரியாது. தாத்தா லாயத்துக்குள் நுழையும்போதே பேச்சுக் கொடுத்துக்கொண்டே போவார். எங்களிடம் பேசியதைவிட அதனிடம் பேசியதுதான் அதிகம் என்று பாட்டி கடைசிவரை குறைப்பட்டுக்கொண்டாள்.

எதைப் படிக்கலாம் என்று கேட்டிருந்தாய். தேசிங்கு ராஜன் கதைப்பாடலை நீ ஏற்கெனவே படித்திருப்பது தெரிகிறது. அதில் வரும் தேசிங்கின் குதிரை பாராசாரியின் வேகமும் ஆவேசமும் வேண்டுமானால் எடுத்துக்கொள், உடம்பை அங்கே தேடாதே. பாட்டில் குதிரை பறக்கலாம். 1714இல் தேசிங்கு செத்த களத்தில் நின்ற குதிரைகளுக்குத் தண்ணீரும் புல்லும் வேண்டும், லாடம் கழன்றால் நொண்டும்.

"நான்கு கால்களையும் நீட்டிப் பறந்தது" என்ற வரியையும் அடித்திருக்கிறேன். உன்மேல் மட்டும் தப்பில்லை, பெரிய பெரிய ஓவியர்களே அப்படித்தான் வரைந்துகொண்டிருந்தார்கள். 1878இல் மைபிரிட்ஜ் என்பவர் கலிஃபோர்னியாவில் வரிசையாகக் கேமரா வைத்து, ஓடும் குதிரையைப் படமெடுத்தார். நான்கு காலும் தரையில் படாத நொடி உண்டு. ஆனால் அப்போது கால்கள் வயிற்றுக்கடியில் மடங்கிக் கூடியிருக்கின்றன. அந்தப் படங்கள் நெட்டில் கிடைக்கும், பார்.

இங்கிலீஷில் ஒன்று சொல்கிறேன். அன்னா சியூவெல் எழுதி 1877இல் வந்த 'பிளாக் பியூட்டி'. குதிரையே தன் கதையைச் சொல்லும். அந்த அம்மாவுக்குச் சின்ன வயதிலேயே கால் அடிபட்டு, எங்கே போனாலும் குதிரை வண்டிதான். அழகுக்காகக் குதிரையின் தலையைத் தூக்கி இழுத்துக் கட்டும் வாரைப் பற்றி அவர் எழுதியிருப்பதைப் படி. வண்டியில் உட்கார்ந்து பின்னாலிருந்து வருஷக்கணக்காகப் பார்த்தவருடைய எழுத்து என்று தெரியும்.

ஆனால் புத்தகத்தைவிட ஆடி மாதம் அந்தியூருக்குப் போ. குருநாதசாமி கோயில் திருவிழாவில் குதிரைச் சந்தை கூடும். லேப்டாப் வேண்டாம், டீக்குக் காசு எடுத்துக்கொண்டு ஓரமாக உட்கார். வாங்க வருகிறவர் உதட்டைத் தூக்கிப் பல் பார்ப்பார். கீழ் முன்பல்லின் கருங்குழி தேய்ந்திருப்பதை வைத்து வயது சொல்வார். பிறகு உடம்பில் மயிர்ச் சுழி எங்கெங்கே இருக்கிறது என்று பார்ப்பார். சுழியில் எனக்கு நம்பிக்கை இல்லை, ஆனால் சுழிக்காக விலை இறங்குவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். உனக்கு வசனம் அங்கேதான் கிடைக்கும். புரவி, இவுளி என்று நிகண்டைக் கொட்டாதே. லாடம் அடிக்கிறவர் யாராவது இருந்தால் அவரைவிட்டு நகராதே. ஆணி எந்த இடத்தில் இறங்கினால் வலிக்காது, எங்கே இறங்கினால் ரத்தம் வரும் என்று கேள்.

இனி 31ஆம் பக்கம். வெற்றி கொண்டாட, சிறுவன் ஒருவன் படைக்குதிரைக்கு ஒரு அண்டா சர்க்கரைப் பொங்கல் ஊட்டுகிறான். அழகாக எழுதியிருக்கிறாய். அங்கே பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

எனக்கு அப்போது 9 வயது. தை முதல் நாள், எல்லாரும் கோயிலுக்குப் போயிருந்தார்கள். ஊரே பொங்கல் சாப்பிடுகிறது, செவலைக்கு மட்டும் கொள்ளும் புல்லுமா என்று எனக்கு ஆற்றாமை. மீந்திருந்த பொங்கலையும் மூட்டையிலிருந்து இரண்டு படி அரிசியையும் கொட்டினேன். வழித்துத் தின்றது. ராத்திரி கழுத்தைத் திருப்பித் திருப்பித் தன் வயிற்றையே பார்த்தது, காலால் தரையைப் பிராண்டியது. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது வந்த வழியே திரும்பாது. தாத்தா அரிக்கேன் விளக்கோடு விடிய விடியத் தெருவில் அதை நடத்திக்கொண்டே இருந்தார். நடுநடுவே விலாவில் காதை வைத்துக் கேட்பார். வயிறு சத்தம் போட்டால் நல்லது, அமைதியாக இருந்தால்தான் பயம். விடியலில் லத்தி போட்டது. அதைக் கும்பிடாத குறை.

மூன்றாம் நாள் முன்கால் இரண்டையும் நீட்டி, உடம்பைப் பின்னுக்குத் தள்ளி, கொதிக்கும் தரையில் நிற்பதுபோல நின்றது. குளம்பைத் தொட்டால் சுட்டது. அளவு மீறித் தின்ற தானியம் குடலில் புளித்தால் குளம்புக்குள் வீங்கிவிடும், கொம்புபோன்ற ஓட்டுக்குள் வீக்கத்துக்கு இடமிருக்காது என்று ரொம்ப நாள் கழித்து ஒரு கால்நடை டாக்டர் சொன்னார். செவலை அதற்குப் பிறகு வண்டி இழுக்கவில்லை. யார் போட்டது என்று தாத்தா கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. உன்னிடம்தான் முதலில் சொல்கிறேன்.

13ஆம் நூற்றாண்டுக் கடைசியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, கடல்வழி ஆண்டுக்கு 2,000க்கும் மேல் வாங்கிய குதிரைகளில் வருஷக் கடைசியில் 100கூட மிஞ்சவில்லை என்று எழுதியிருக்கிறார். வேகவைத்த அரிசியும் இறைச்சியும் போட்டார்களாம், லாடம் கட்டத் தெரிந்தவர்களும் இல்லையாம். பட்டினப்பாலையின் 'நீரின் வந்த நிமிர்பரிப் புரவி'யை, கடல்வழி வந்த அந்தக் குதிரையை, வகுப்பில் எத்தனை தடவை நடத்தியிருப்பேன். இறங்கிய பிறகு என்ன தின்றது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

அந்த அண்டாவை எடுத்துவிடாதே. மூன்றாம் நாள் காலையில் அந்தக் குதிரை எப்படி நிற்கிறது, அந்தப் பையன் எங்கே நிற்கிறான் என்று எழுதி அனுப்பு.

அன்புடன்,
அம்மா